காற்றுக்கு முன்னே கரண்ட் கட்: கலிபோர்னியாவின் முன்னெச்சரிக்கை மின்நிறுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், இங்கே நம் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்கள், மலையடிவாரத்தில் வீடு வாங்கிய நண்பர்கள் என்று பலரும் கேட்டவற்றை அவரவர் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இருப்பது ஓக்லண்ட் மலைக்குப் பின்பக்கம் என்பதால் பிஜி அண்ட் இ என்ற மின் நிறுவனத்தின் நடைமுறைகளே அதிகம் வரும். தெற்கே இருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான்.

"காத்து அடிக்கப் போகுதுன்னு கரண்டை நிறுத்துறாங்களாமே, நிஜமாவா?"

நிஜம்தான். புல்லும் புதரும் காய்ந்து கிடக்கும் நாட்களில் பலத்த காற்று வரப்போகிறது என்றால், மின்கம்பியிலிருந்து தீ மூண்டுவிடக் கூடாது என்று மின் நிறுவனமே முன்கூட்டி இணைப்பைத் துண்டித்துவிடும். பொதுப் பாதுகாப்பு மின்நிறுத்தம் என்பது இதன் முறையான பெயர். பேச்சில் எல்லோரும் பிஎஸ்பிஎஸ் என்கிறார்கள். வடக்கிலும் நடுப்பகுதியிலும் பிஜி அண்ட் இ, லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதிகளில் சதர்ன் கலிபோர்னியா எடிசன், சான் டியாகோவில் எஸ்டிஜி அண்ட் இ ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் இதைச் செய்கின்றன.

ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இது அவ்வளவு புதிதாக இருக்காது. புயல் கரையைக் கடக்கும்போது நம் மின்வாரியமும் முன்னதாகவே லைனை நிறுத்துவதுண்டு. அங்கே அறுந்து விழுந்த கம்பியை யாரும் மிதித்துவிடக் கூடாது என்ற பயம். இங்கே அறுந்து விழும் கம்பிக்குக் கீழே இருக்கும் காய்ந்த புல்தான் பயம்.

"நம்ம ஊர்லயும்தான் காத்து அடிக்குது. இங்க மட்டும் ஏன் இப்படி எரியுது?"

கலிபோர்னியாவின் பெரும்பகுதியில் மே முதல் அக்டோபர் வரை மழை மிகக் குறைவு. குளிர்காலத்து மழையில் முளைத்த புல் ஜூன் மாதத்திலேயே வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். இலையுதிர் காலம் வரும்போது மரம், செடி எல்லாமே ஆண்டின் மிக வறண்ட நிலையில் இருக்கும்.

சரியாக அந்த நேரத்தில்தான் காற்றும் திசை மாறுகிறது. வழக்கமாகக் கடலிலிருந்து ஈரக்காற்று வரும். நெவாடா, யூட்டா பக்கத்து மேட்டுநிலத்தில் உயர் காற்றழுத்தம் உருவாகும்போது காற்று அங்கிருந்து மலைகளைத் தாண்டிக் கடலை நோக்கி இறங்குகிறது. இறங்க இறங்க அழுத்தப்பட்டு, சூடாகி, இருக்கிற கொஞ்ச ஈரப்பதத்தையும் இழக்கிறது. சில நேரம் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். வடக்கே இதை டயாப்லோ காற்று என்பார்கள், தெற்கே சாண்டா அனா. நள்ளிரவில், எல்லோரும் தூங்கும் நேரத்தில்தான் மலைமுகடுகளில் இது பெரும்பாலும் உக்கிரமாக வீசும். இந்தக் காற்றில் பொறி பட்டால் தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் தீ அடுத்த மலைக்குப் போயிருக்கும்.

"ஒரு கம்பி உரசினா ஒரு ஊரே எரிஞ்சிடுமா?"

எரிந்திருக்கிறது. 2018 நவம்பர் 8 காலையில், பியூட் கவுண்ட்டியில் (கவுண்ட்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) புல்கா என்ற சிற்றூர் அருகே ஒரு மின்கோபுரத்தில் கொக்கி ஒன்று அறுந்தது. கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் சரத்தைப் பிடித்துத் தொங்கவிடும் இரும்புக் கொக்கி அது. அந்த மின்தடம் 1921இல் பயன்பாட்டுக்கு வந்தது. காற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி, இரும்பும் இரும்பும் உரசி, கொக்கி பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. கடைசியில் எடை தாங்காமல் முறிந்தது. மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்த கம்பி கோபுரத்தில் உரச, உருகிய உலோகத் துளிகள் கீழே காய்ந்த புதரில் விழுந்தன.

கேம்ப் ஃபயர் என்று பெயர் பெற்ற அந்தத் தீ, சில மணி நேரத்தில் பாரடைஸ் என்ற மலை நகரத்தை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்றுவிட்டது. 85 பேர் இறந்தார்கள். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். 2020இல் பிஜி அண்ட் இ நிறுவனம் 84 பேரின் சாவுக்குக் காரணமானதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

இதில் மனதை உறுத்துவது, அந்த வாரம் பியூட் கவுண்ட்டியில் மின்சாரத்தை நிறுத்தக்கூடும் என்று நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது என்பதுதான். பிறகு காற்று தங்கள் அளவுகோலை எட்டவில்லை என்று கைவிட்டுவிட்டார்கள். நிறுத்தியிருந்தாலும் அந்த உயரழுத்த (ஹை வோல்டேஜ்) மின்தடம் அன்றைய திட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை. அடுத்த ஆண்டே அந்த வரம்பை விரித்து, உயரழுத்தத் தடங்களையும் சேர்த்தார்கள்.

"அப்போ இது பாரடைஸ் எரிஞ்ச பிறகு வந்த யோசனையா?"

இல்லை, பழையது. 2007 அக்டோபரில் சான் டியாகோ பக்கத்தில் விட்ச் ஃபயர் உள்ளிட்ட தீக்கள் மின்கம்பிகளால் மூண்டு ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளை அழித்தன. அதற்குப் பிறகு எஸ்டிஜி அண்ட் இ முதன்முதலில் இந்த யோசனையை, மின்சாரம், தொலைபேசி போன்ற சேவைகளைக் கண்காணிக்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைத்தது. 2009இல் ஆணையம் மறுத்துவிட்டது. எதிர்த்தவர்கள் யார் என்று பாருங்கள்: மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காகப் பேசுபவர்கள், பள்ளிகள், தண்ணீர் வாரியங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் இவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டது. இன்றும் அதற்கு முழுப் பதில் கிடைத்துவிடவில்லை.

2012இல் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. 2018இல் அந்த விதிகள் மாநிலத்தின் மற்ற பெரிய நிறுவனங்களுக்கும் விரிந்தன. பிஜி அண்ட் இ முதல் முறை நிறுத்தியது 2018 அக்டோபரில். ஆனால் எல்லோருக்கும் நினைவில் இருப்பது 2019 அக்டோபர்தான். முதல் சுற்றில் 7 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள், மாதக் கடைசியில் 9 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் நிறுத்தப்பட்டன. ஓர் இணைப்பு என்பது ஒரு மீட்டர். ஆட்கணக்கில் பார்த்தால் இருபது லட்சத்தைத் தாண்டும். பெர்க்லி பல்கலைக்கழகம் வகுப்புகளை ரத்து செய்தது. எந்தத் தெருவில் கரண்ட் போகும் என்று பார்க்க ஒரே நேரத்தில் எல்லோரும் நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போக, அது முடங்கிப்போனது. அந்த மாதக் குளறுபடிகளுக்காகப் பின்னர் 10.6 கோடி டாலர் அபராதம் விதித்தார்கள்.

"எவ்வளவு காத்து அடிச்சா நிறுத்துவாங்க? ஒரு கணக்கு இருக்கணுமே?"

ஒரே ஓர் எண் கிடையாது. பிஜி அண்ட் இ பொதுவாகச் சொல்வது: ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ், தொடர்ந்து வீசும் காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல், இடையிடையே வரும் வேகக்காற்று 30 முதல் 40 மைலுக்கு மேல். இவற்றோடு செடிகொடிகள் எவ்வளவு காய்ந்திருக்கின்றன, வானிலைத் துறை தீ அபாயத்துக்கான சிவப்புக் கொடி எச்சரிக்கை விடுத்திருக்கிறதா, கம்பிமேல் சாயக்கூடிய மரங்கள் அருகில் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நவம்பரில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், அதே வேகத்தில் காற்று அடித்தாலும் நிறுத்த மாட்டார்கள். "போன மாசம் இதைவிடக் கம்மியா அடிச்சப்போ நிறுத்தினாங்களே" என்று குழம்புபவர்கள் தரையின் ஈரத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மலைகளில் வானிலைக் கருவிகளும் கேமராக்களும் இப்போது ஏராளம். கருவி காட்டுவதை மட்டும் நம்பாமல், ஆட்களையும் மலைக்கு அனுப்பிக் கண்ணால் பார்த்த பிறகே முடிவெடுக்கிறார்கள்.

"முன்னாடியே சொல்வாங்களா, இல்ல பட்டுன்னு போயிடுமா?"

சொல்வார்கள். பொதுவாக இரண்டு நாள் முன்பு, ஒரு நாள் முன்பு, நிறுத்துவதற்குச் சற்று முன்பு என்று போன், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் மூன்றிலும் தகவல் வரும். வானிலை திடீரென்று மாறினால் இந்த இடைவெளி சுருங்கலாம். சில நேரம் எச்சரிக்கை வந்து, கடைசியில் நிறுத்தாமலும் போகலாம். அதைக் கண்டு அலுத்துப்போய் அடுத்த முறை அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்கணக்கு வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தால் எச்சரிக்கை அவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. கணக்கு இல்லாதவர்களும் முகவரியைக் கொடுத்து எச்சரிக்கை பெற நிறுவனத்தின் தளத்தில் வசதி இருக்கிறது. இங்கேயே வேறு ஊரில் தனியாக இருக்கும் அத்தை வீட்டு முகவரியையும் அதிலேயே பதிந்து வைக்கலாம்.

"எங்க தெருவுல ஒரு இலைகூட அசையலை. எங்களுக்கு எதுக்கு கட்?"

இதுதான் அதிகம் கோபப்பட வைக்கும் விஷயம், கோபம் புரிகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரம் எங்கிருந்தோ மலை தாண்டி வருகிறது. வரும் வழியில் ஒரே ஒரு மலைமுகட்டில் காற்று சுழன்றாலும் அந்தத் தடத்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் அதற்குக் கீழே தொங்கும் அத்தனை ஊர்களும் இருளும். எதிர்ச்சாரியில் விளக்கு எரிகிறது, நமக்கு இல்லை என்றால் அவர்கள் வேறு தடத்தில் இருக்கிறார்கள் என்று பொருள்.

2019க்குப் பிறகு தடங்களின் நடுவே நிறைய சுவிட்சுகள் பொருத்தி, ஆபத்தான துண்டை மட்டும் வெட்டிவிடும்படி மாற்றியிருக்கிறார்கள். அதனால் பிந்தைய ஆண்டுகளில் பாதிக்கப்படுபவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. 2022இல் பிஜி அண்ட் இ பகுதியில் ஒரு முறைகூட இந்த நிறுத்தம் நடக்கவில்லை. வானிலையும் அந்த ஆண்டு கைகொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"காத்து நின்னு எவ்வளவு நேரமாச்சு! ஒரு சுவிட்ச் போட எதுக்கு ஒரு நாள்?"

சுவிட்சைப் போடுவது நொடி வேலை. அதற்கு முன்னால் தடம் முழுவதையும் பார்த்தாக வேண்டும். லைன்மேன்கள் ஹெலிகாப்டரிலும் வண்டியிலும், வண்டி போகாத சரிவுகளில் நடந்தும், கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். கம்பியில் கிளை தொங்குகிறதா, இன்சுலேட்டர் உடைந்திருக்கிறதா, கம்பம் சாய்ந்திருக்கிறதா என்று. இருட்டில் இதைச் சரியாகச் செய்ய முடியாது. மாலை ஐந்து மணிக்குக் காற்று ஓய்ந்தால் மறுநாள் காலைதான் வேலை தொடங்கும். காற்று ஓய்ந்ததிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது இலக்கு. சேதம் இருந்தால் நீளும்.

2019 அக்டோபரில் இப்படிப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கம்பியோ கம்பமோ சேதமாகியிருந்தது. அவற்றில் மின்சாரம் ஓடியிருந்தால் எத்தனை இடத்தில் தீ மூண்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பார்க்காமல் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே, மற்ற ஊர்களைப் பற்றிய கேள்வியில், லஹைனாவைப் பாருங்கள்.

"நாலு டப்பா மாவு அரைச்சு வெச்சிருக்கேன். ஃபிரிட்ஜ்ல இருக்கறது எல்லாம் போச்சா?"

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கும் ஃபிரீஸர் 48 மணி நேரம், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். எச்சரிக்கை வந்த அன்றே தண்ணீர் பாட்டில்களை ஃபிரீஸரின் காலி இடங்களில் அடுக்கிவிடுங்கள். அவை உறைந்து குளிரைப் பிடித்துவைக்கும், பிறகு குடிக்கவும் ஆகும்.

மாவு புளித்துப் பொங்கும், முதல் நாளே ஊற்றித் தீர்த்துவிடுங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியவை சாதம், பருப்பு, தேங்காய்ச் சட்னி, பால், முட்டை, கறி, மீன். இவை 40 ஃபாரன்ஹீட், அதாவது 4 செல்சியஸுக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள். மோந்து பார்த்தோ நாக்கில் வைத்துப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள், கெட்டதெல்லாம் நாறாது. வெளியூர் போயிருக்கும்போது கரண்ட் போய் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு தம்ளர் தண்ணீரை ஃபிரீஸரில் உறையவைத்து, மேலே ஒரு காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள்.

"கேஸ் அடுப்பு எரியும்தானே?"

எரியும். பொறி வைக்கும் பொத்தான் வேலை செய்யாது என்பதால் பெரும்பாலான மேலடுப்புகளைத் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கலாம். பேக் செய்யும் ‘அவன்’ (oven) பெரும்பாலும் வேலை செய்யாது. இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்கு வழியில்லை. வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் கேஸில் ஓடினாலும், காற்றைத் தள்ளும் விசிறிக்குக் கரண்ட் வேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உட்காராதீர்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

"கூரை முழுக்க சோலார் போட்டிருக்கேன். எனக்கு என்ன கவலை?"

பேட்டரி இல்லையென்றால் உங்கள் வீடும் இருட்டுதான். பளபளவென்று வெயில் அடிக்கும்போதும் அப்படித்தான். வெளிக்கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்படி விதி இருக்கிறது. இல்லாவிட்டால் உங்கள் கூரையிலிருந்து வெளியே பாயும் மின்சாரம் கம்பியில் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும்.

வீட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டக்கூடிய பேட்டரி இருந்தால் பிழைத்தீர்கள். வாங்கும்போதே எந்தெந்த அறைகள், எந்தெந்தச் சாதனங்கள் பேட்டரியில் ஓடும் என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜும் சில விளக்குகளும் மட்டும் என்றால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். ஏசியையும் கார் சார்ஜரையும் சேர்த்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

"அப்போ ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுடலாமா?"

வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயத்தில் விளையாடக் கூடாது. ஒன்று, அதன் புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது. கராஜில் கதவைத் திறந்துவைத்து ஓட்டினாலும் ஆபத்துதான். வெளியே, ஜன்னலிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும்.

இரண்டு, ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கே கரண்ட் கொடுப்பது. மேலே சோலாரில் சொன்ன அதே காரணத்தால் இது லைன்மேனின் உயிரோடு விளையாடுவது. நீட்டிப்பு வயர் போட்டு நேரடியாகச் சாதனத்துக்குக் கொடுங்கள், அல்லது உரிமம் பெற்றவரை அழைத்து மாற்றுச் சுவிட்ச் பொருத்துங்கள். இன்னொன்று: சூடான ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். தீ வரக் கூடாது என்று கரண்டை நிறுத்திய நாளில் காய்ந்த புல்மேல் அதை வைத்து ஓட்டுவதும் கூடாது.

"அப்பா ஆக்சிஜன் மெஷின்ல இருக்கார். நாங்க என்ன செய்யறது?"

இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மெடிக்கல் பேஸ்லைன் என்று ஒரு திட்டம் இருக்கிறது. மருத்துவரின் சான்றோடு பதிந்தால் கட்டணச் சலுகை கிடைக்கும். அதைவிட முக்கியம், நிறுத்தத்துக்கு முன் உங்களுக்குக் கூடுதல் எச்சரிக்கைகள் வரும். செய்தியைப் பார்த்ததாக நீங்கள் உறுதி செய்யாவிட்டால் ஆளே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவார். வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். விசாவில் வந்திருக்கும் பெற்றோர் உங்கள் வீட்டில் முழுநேரமாகத் தங்கியிருந்தால், உங்கள் கணக்கில் அவர்களைச் சேர்க்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்காமல் விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

பதிந்துவிட்டதால் உங்கள் வீட்டுக்குக் கரண்ட் நிற்காது என்று நினைத்துவிடாதீர்கள், நிற்கும். அதனால் மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது என்று அதன் அடியில் ஒட்டியிருக்கும் வில்லையில் பார்த்து, கையடக்க பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று சாதாரண நாளிலேயே ஓட்டிப் பாருங்கள். பேட்டரி மாறும்போது அந்த மெஷின் விடாமல் கத்தும். அந்தச் சத்தத்தை முதன்முதலில் நள்ளிரவு இருட்டில் கேட்டால் பெரியவர்கள் பயந்துபோவார்கள், பகலிலேயே ஒருமுறை பழக்கிவிடுங்கள். ஆக்சிஜன் கொடுக்கும் நிறுவனத்திடம் மாற்று சிலிண்டர் கேட்டு வாங்கி வையுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு மின் நிறுவனமே பேட்டரி கொடுக்கும் திட்டமும் உண்டு. இதெல்லாம் போதாது என்று தோன்றினால் எச்சரிக்கை வந்த அன்றே கரண்ட் இருக்கும் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

இன்சுலின் பற்றியும் கேட்கிறார்கள். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் வகைகளில் பெரும்பாலானவை அறை வெப்பத்தில் சில வாரம் தாங்கும். உங்களுடையது எத்தனை நாள் தாங்கும் என்று மருந்துக்கடையில் கேட்டு டப்பாமேல் எழுதி வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது.

"போன் இருக்கே, வேற என்ன வேணும்?"

போன் இருக்கும், சிக்னல் இருக்குமா என்பதுதான் கேள்வி. 2019 அக்டோபர் கடைசியில் மரின் கவுண்ட்டியில் செல்போன் கோபுரங்களில் பாதிக்கு மேல் செயலிழந்தன. பேட்டரி தீர்ந்துபோனது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு, தீ அபாயம் மிகுந்த பகுதிகளில் 72 மணி நேரம் தாங்கும் மாற்று மின்சாரம் வைக்க வேண்டும் என்று 2020இல் ஆணையம் உத்தரவிட்டது. நிலைமை முன்னேறியிருக்கிறது, ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். இணைய இணைப்பு வழியாக வரும் வீட்டு போனும் மோடம் அணைந்ததும் அணைந்துவிடும். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று வாங்கி வையுங்கள். நிறுத்தம் நடக்கும் பகுதிகளில் பகல் நேரத்தில் சமூக உதவி மையங்கள் திறப்பார்கள். போன், மருத்துவச் சாதனம் சார்ஜ் செய்யலாம், தண்ணீர் கிடைக்கும்.

"தண்ணி வருமா? பெட்ரோல், பணம்?"

நகரக் குழாயில் பெரும்பாலும் வரும். கிணற்று மோட்டாரை நம்பியிருக்கும் மலைவீடுகளில் கரண்ட் போன நொடியே தண்ணீரும் போகும், கழிப்பறைக்குச் சேர்த்துப் பிடித்து வையுங்கள். பெட்ரோல் பங்க்கும் ஏடிஎம்மும் ஓடாது. காரை முதல் நாளே நிரப்பிவிடுங்கள் அல்லது சார்ஜ் போட்டுவிடுங்கள். சிக்னல் அணைந்த சந்திப்பில் நான்கு பக்கமும் நின்றுதான் போக வேண்டும்.

"ஆகஸ்ட்ல வெயில் கொளுத்தறப்போ ஒரு தடவை போச்சே. அதுவும் இதுதானா?"

இல்லை. 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் போனது பற்றாக்குறையால். கடும் வெயிலில் எல்லோரும் ஏசி போட, இருக்கிற மின்சாரம் போதவில்லை. அது சுழற்சி முறையில், சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. 2021 முதல் பிஜி அண்ட் இ, தீ அபாயப் பகுதிகளில் தடங்களை மிகவும் நுணுக்கமாகத் துண்டிக்கும்படி அமைத்திருக்கிறது. ஒரு கிளை உரசினாலும் நொடியின் பத்தில் ஒரு பங்கில் மின்சாரம் நின்றுவிடும். அணிலோ பறவையோ பட்டாலும் அப்படித்தான். இதற்கு முன்னறிவிப்பு எதுவும் வராது. காற்றே இல்லாத ஜூலை மாதத்தில் திடீரென்று போனால் பெரும்பாலும் இதுதான். மலையில் இருப்பவர்கள் இதைத்தான் அதிகம் அனுபவிக்கிறார்கள். 2021 ஜூலையில் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்து மூண்ட டிக்ஸி ஃபயர் கிட்டத்தட்ட பத்து லட்சம் ஏக்கரை எரித்தது. அன்று பெருங்காற்று எச்சரிக்கை எதுவும் இல்லை. முன்னெச்சரிக்கை நிறுத்தத்தால் மட்டும் எல்லாத் தீயையும் தடுக்க முடியாது என்பதற்கு அது சான்று.

"கெட்டுப்போன சாமானுக்கு, மூடின கடைக்கு யார் காசு தருவா?"

பெரும்பாலும் யாரும் தர மாட்டார்கள். பாதுகாப்புக்காக நிறுத்தியதற்கு இழப்பீடு இல்லை என்பதே நிறுவனங்களின் நிலை. 2019 அக்டோபர் முதல் சுற்றுக்கு மட்டும் ஆளுநர் வற்புறுத்தியதால் வீடுகளுக்கு 100 டாலர், சிறு வணிகங்களுக்கு 250 டாலர் கழித்துக் கொடுத்தார்கள். கம்பிகளை ஒழுங்காகப் பராமரித்திருந்தால் நிறுத்தவே வேண்டியிருந்திருக்காது என்று வழக்குப் போட்டும் பார்த்தார்கள். 2023 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், இது ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரத்தில் குறுக்கிடும் என்று கூறி அந்த வழிக்குக் கதவடைத்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நூறு டாலர் சிலருக்கு ஒன்றுமில்லை, தினக்கூலிக்கு வீட்டுவேலை செய்பவருக்கு இரண்டு நாள் வேலை போனால் வாடகையே இடிக்கும். உங்கள் வீட்டுக் காப்பீட்டில் உணவு கெட்டுப்போவதற்கு ஈடு உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"கரண்டை நிறுத்தியும் தீப்பிடிச்சதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

2019 அக்டோபர் 23 இரவு சொனோமா கவுண்ட்டியில் மூண்ட கின்கேட் ஃபயரைத்தான் கேட்கிறீர்கள். அந்தப் பகுதியில் வீடுகளுக்குப் போகும் கம்பிகள் நிறுத்தப்பட்டிருந்தன. மேலே ஓடிய 2,30,000 வோல்ட் தடத்தை நிறுத்தவில்லை. அதில் ஒரு ஜம்பர் கம்பி (கோபுரத்தில் கம்பிகளை இணைக்கும் சிறு கம்பி) அறுந்ததில் 77,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2025 ஜனவரி 7இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆல்டடீனாவை அழித்த ஈட்டன் ஃபயரின்போதும் மேலேயிருந்த உயரழுத்தத் தடங்கள் நிறுத்தப்படவில்லை. அந்தத் தீக்கு எடிசனின் தடமே காரணம் என்று அமெரிக்க அரசே வழக்குத் தொடுத்திருக்கிறது.

பெரிய தடத்தை நிறுத்தினால் பல நகரங்கள் ஒன்றாக இருளும் என்பதால் நிறுவனங்கள் தயங்குகின்றன. ஆனால் பாரடைஸ், கின்கேட் இரண்டிலும் முறிந்தது பெரிய கோபுரத்தில் இருந்த சின்னத் துண்டு. கோபுரத்தில் ஏறி ஒவ்வொரு கொக்கியையும் பார்ப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

"கம்பியைப் பூமிக்கு அடியில போட்டா முடிஞ்சுது. ஏன் போட மாட்டேங்கறாங்க?"

போடுகிறார்கள், மெதுவாக. 2021இல் பிஜி அண்ட் இ 10,000 மைல் புதைக்கப்போவதாக அறிவித்தது. ஒரு மைலுக்கு சுமார் 30 லட்சம் டாலர் ஆகிறது. பாறை மலையில் இன்னும் கூடும். அந்தச் செலவு நம் கட்டணத்தில்தான் வந்து சேரும், ஏற்கெனவே கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. எடிசன் வேறு வழி எடுத்தது: வெற்றுக் கம்பியை எடுத்துவிட்டு, உறை போட்ட கம்பியாக 5,000 மைலுக்கு மேல் மாற்றியிருக்கிறது. செலவு பல மடங்கு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். மரம் முறிந்து விழுந்தால் இதுவும் அறும் என்றாலும், எல்லா மலையிலும் புதைக்கும் நாள் வரும்வரை காத்திருப்பதைவிட உறைக் கம்பியை முதலில் போட்டு முடிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

"இந்த வழக்கம் இங்க மட்டும்தானா?"

தெற்கு ஆஸ்திரேலியாவில் வெகுகாலமாகவே சட்டப்படி உண்டு. பக்கத்து விக்டோரியாவில் 2009 பிப்ரவரி 7 அன்று கில்மோர் ஈஸ்ட்டில் ஒரு பழைய மின்கம்பி அறுந்து மூண்ட தீயில் மட்டும் 119 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவிலேயே மற்ற மாநிலங்கள் தாமதமாகத்தான் விழித்தன. ஹவாயில் 2023 ஆகஸ்ட் 8 அன்று லஹைனா எரிந்து 102 பேர் இறந்தபோது, அங்குள்ள மின் நிறுவனத்திடம் இப்படி ஒரு திட்டமே இல்லை. அறுந்து கிடந்த கம்பியில் மீண்டும் மின்சாரம் பாய்ந்ததால் காலையில் தீ மூண்டது, அணைந்ததாக நினைத்த அதுவே பிற்பகலில் மறுபடி கிளம்பியது என்று விசாரணையில் தெரியவந்தது. கொலராடோவில் எக்ஸெல் நிறுவனம் முதல் முறையாக நிறுத்தியது 2024 ஏப்ரலில்.

"கரண்ட் இல்லாம பெரியவங்க சாகவும் வாய்ப்பிருக்கே. இது சரியான வழிதானா?"

கரண்ட் கம்பியில் இருந்த ஆபத்தில் ஒரு பங்கு நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஜெனரேட்டர் புகை, நின்றுபோன மெஷின், இருட்டில் படி தவறுவது, எச்சரிக்கை வந்து சேராத போன். 2009இல் எதிர்த்தவர்கள் சொன்னதும் இதைத்தான். ஆனாலும் காய்ந்த மலையில் டயாப்லோ காற்று வீசும் இரவில், தேய்ந்த கொக்கிகளை நம்பி மின்சாரத்தை ஓடவிடுவதைவிட நிறுத்துவதே சரி என்று நினைக்கிறேன். நிறுத்தும் உரிமை வேண்டும் என்பவர்கள், மெஷினை நம்பி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பேட்டரி கொடுக்கும் கடமையையும் ஏற்க வேண்டும். இப்போது அது விண்ணப்பித்து, தகுதி பார்த்து, காத்திருந்து வாங்க வேண்டியதாக இருக்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டியால் அந்தப் படிவத்தை நிரப்ப முடியாது. தெரிந்தவர்கள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள்.

"கரண்ட் போயிருக்கறப்போவே வீட்டை விட்டு வெளியேறச் சொன்னா?"

கரண்ட் நிறுத்தம் வேறு, வெளியேறும் உத்தரவு வேறு. கரண்ட் போனது என்பதற்காக ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒரே இரவில் வரலாம். கவுண்ட்டியின் அவசர எச்சரிக்கையில் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், மின் நிறுவனத்தின் எச்சரிக்கை அதற்கு ஈடாகாது.

முக்கியமாக, கராஜ் கதவு. 2017இல் வடக்கே தீ வந்தபோது கரண்ட் இல்லாததால் கதவைத் திறக்க முடியாமல் சிலர் கராஜுக்குள்ளேயே சிக்கி இறந்தார்கள். அதனால்தான் 2019 ஜூலை முதல் இங்கே விற்கும் தானியங்கிக் கதவுகளுக்கெல்லாம் பேட்டரி கட்டாயம். உங்களுடையது பழையதாக இருந்தால், மேலே தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து, கதவைக் கையால் தூக்கிப் பாருங்கள். மூடிய கதவில்தான் இழுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரு முறை செய்து பார்க்கட்டும். அம்மாவால் தூக்க முடியவில்லை என்றால், எச்சரிக்கை வந்த மாலையே காரை வெளியே எடுத்து, போகும் திசையைப் பார்த்து நிறுத்திவிடுங்கள். பாஸ்போர்ட், மருந்து, மூக்குக் கண்ணாடி மூன்றையும் ஒரு பையில் போட்டு வாசலில் வையுங்கள்.